நகையும் உவகையும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைத்தார். சிரிப்பு இவ்விரண்டிற்கும் பொதுவாயினும் இரண்டும் ஒன்றல்ல. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்றார். உவகைக்குரியனவாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கைக் காட்டினார். பிறர் குறை கண்டு எழும் சிரிப்பு ஒருவகை; மனத்தின் சுமை இறங்கியவிடத்துத் தானே எழும் சிரிப்பு மற்றொரு வகை. படமாளிகை ஒன்றிலே பலர் கூடியிருந்து ஆரவாரித்துச் சிரிக்கும்போது, அச்சிரிப்பு இவற்றுள் எதனைச் சார்ந்தது எனப் பிரித்தறிதல் எளிதன்று. 2015 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு நகைச்சுவைப் படமும், அதனைக் கண்டோர் கொண்ட பலதிறப்பட்ட கருத்துக்களும் இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவன.

'மஜிக் மைக் எக்ஸ் எக்ஸ் எல்' என்பது அப்படத்தின் பெயர். ஆடைகளின் மிகப் பெரிய அளவைக் குறிக்கும் எழுத்துக்களைப் பெயரின் ஈற்றில் ஒட்டி, முன்னைய படத்தினும் இது பெரிது என்று வேடிக்கையாக உணர்த்தினர். 2012 ஆம் ஆண்டு வெளிவந்த 'மஜிக் மைக்' என்னும் படத்தின் தொடர்ச்சி இது. மகளிர் கூடியுள்ள மண்டபத்திலே மேடையேறி, இசைக்கேற்ப ஆடிக்கொண்டே உடைகளை ஒவ்வொன்றாகக் களைவதைத் தொழிலாகக் கொண்ட ஆடவரின் கதையே இரண்டு படங்களும் கூறுவது.

இத்தொழில் அமெரிக்காவில் பெருவழக்காகியது 1979 ஆம் ஆண்டிற்குப் பின்னரே. இந்தியாவிலிருந்து குடியேறிய ஸ்டீவ் பனர்ஜி என்பவர், லொஸ் ஏஞ்சலஸ் நகரில் தாம் நடத்திய 'சிப்பென்டேல்ஸ்' விடுதியில், பெண்கள் மட்டுமே காண்பதற்கென ஆடவரின் உடைகளைவு ஆட்டத்தை அவ்வாண்டில் தொடங்கினார். அதுவரை, மேடையில் உடல் காட்டுவது பெண்ணுக்கும், கீழிருந்து பார்ப்பது ஆணுக்கும் உரியன என்றிருந்த வழக்கு அங்கே தலைகீழாயிற்று. மேலைநாடுகளின் பல நகரங்களுக்கு அவ்வழக்கம் பரவியது. ஆயினும், பார்க்கவந்த பெண்களின் சிரிப்பிலே நாணமும் கேலியும் கலந்தே இருந்தன. தாம் வந்தது வேடிக்கைக்காகவே என்று பிறர்க்கும் தமக்கும் கூறிக்கொள்ளும் சிரிப்பு அது.

முதற்படத்தை நெறிப்படுத்தியவர் ஸ்டீவன் சொடர்பேர்க். முதன்மை நடிகரான சானிங் டாட்டம், நடிகராவதற்கு முன் தம் இளமையில் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் இதே தொழிலைச் சிறிது காலம் செய்தவர். அவ்வனுபவமே கதைக்கு வித்தாயிற்று. எனினும், படத்தின் உயிர் நாட்டியத்தில் இல்லை, பணத்திலேயே இருந்தது. கதைத்தலைவன் மைக்குக்குத் தன் கையால் மரத்தளபாடங்கள் செய்து விற்கவேண்டும் என்பதே ஆசை. இரவில் ஈட்டிய காசை எண்ணிச் சேர்த்து வங்கிக்குக் கொண்டு செல்கிறான்; கடன் பெறும் தகுதிக் கணக்கில் அவன் குறைந்தவன் என்று வங்கி மறுத்துவிடுகிறது. 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிந்திய அமெரிக்க வாழ்வின் சோர்வு அப்படமெங்கும் படிந்திருந்தது. போதைப்பொருளும், முதலாளியின் பேராசையும், இளைஞன் ஒருவனின் வழிதவறுதலும் அதன் பிற்பகுதியை நிரப்பின.

ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 16 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. விமரிசகர் பலர் புகழ்ந்தனர். ஆனால், படமாளிகையிலிருந்து வெளிவந்தோர் அனைவரும் மனநிறைவோடு சென்றாரல்லர். விளம்பரங்கள் களியாட்டத்தை வாக்களித்திருந்தன. படமோ களியாட்டத்தின் பின்னுள்ள வெறுமையைக் காட்டிற்று. விருந்துண்ண வந்தவர்க்கு அறவுரை கிடைத்தது போன்ற ஏமாற்றம் பலர்க்கு ஏற்பட்டது.

தொடர்ச்சிப்படம் எடுக்க முனைவோர் எவர்க்கும் இவ்விடத்தில் ஒரு வினா எழும். முதற்படத்தில் ஆக்கியோன் சொல்ல எண்ணியதைத் தொடர்வதா, காண்போர் நினைவிற் கொண்டதைத் தொடர்வதா? இப்படத்தினர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தனர். நெறியாள்கை கிரெகரி ஜேக்கப்ஸ் கைக்கு மாறியது. சொடர்பேர்க் விலகிவிடவில்லை, தாம் வழக்கமாக மேற்கொள்ளும் புனைபெயர்களில் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் செய்தார். ரீட் கரோலினே மீண்டும் கதையெழுதினார். முதற்படத்தில் விடுதி முதலாளியாக நடித்துப் பெரும்புகழ் பெற்ற மத்தியூ மக்கொனஹே இதில் இடம்பெறவில்லை.

கதை மிக எளியது. மூன்றாண்டுகளுக்கு முன் தொழிலை விட்ட மைக், இப்போது சிறிய தளபாடப் பட்டறை ஒன்றின் சொந்தக்காரன். பழைய தோழர்கள், தென் கரோலைனா மாநிலத்து மேர்ட்டில் பீச் என்னும் கடற்கரை நகரில் நடக்கும் ஆட்டக்காரர் மாநாட்டிற்கு இறுதிமுறையாகச் செல்கின்றனர். அவனும் அவர்களுடன் புறப்படுகிறான். வழியில் தங்குமிடங்களும் சந்திக்கும் மனிதர்களுமே படம். வில்லன் இல்லை, பெரும் பகையோ சூழ்ச்சியோ இல்லை. சேருமிடத்திலும் போட்டியில்லை, பரிசுமில்லை. அது மாநாடேயன்றிப் போட்டியன்று என்பதைப் பாத்திரங்களே எடுத்துரைக்கின்றன.

2015 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள், அமெரிக்க சுதந்திர தினத்தை ஒட்டிய விடுமுறையில் படம் திரையிடப்பட்டது. முதல் நாட்களில் வந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பெண்கள். முதற்படத்திற்கு அவ்வளவு ஒருபாற் கூட்டம் வரவில்லை. அதன் தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினர் ஆடவராயிருந்தனர். இம்முறை ஆடவர் அநேகமாக வரவேயில்லை. பெண்கள் தோழியர் குழாங்களாகவும் தாயும் மகளுமாகவும் வந்தனர். திரையை நோக்கிக் கூவினர், கைதட்டினர். அமைதியாகப் படம் பார்க்கும் இடத்தை நாட்டியம் நிகழும் மண்டபமாகவே பலர் மாற்றிவிட்டனர்.

வந்தோரின் களிப்பு இத்தகையதாயிருக்க, வருவாய் அதற்கேற்ப உயரவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதற்படம் 11 கோடி டொலருக்கு மேல் ஈட்டியிருக்க, இரண்டாவது 6.6 கோடியளவில் நின்றது. உலக வருவாய் 12 கோடி டொலரைச் சிறிது கடந்தது. ஏறத்தாழ 1.5 கோடி டொலர் செலவான படத்திற்கு இது நட்டமன்று. ஆயினும், எதிர்பார்த்ததினும் குறைவே. முதற்படத்தின் புதுமை தீர்ந்தமை ஒரு காரணம். அதனைக் கண்டு ஏமாந்தோர் மறுமுறை வரத் தயங்கியமை மற்றொன்று. ஒரு படத்தின் பயனையோ பழியையோ அதன் தொடர்ச்சியே அனுபவிக்கிறது என்னும் திரைத்தொழில் அனுபவம் இங்கும் மெய்ப்பட்டது.

இனி, வந்தோர் எதனைக் கண்டு மகிழ்ந்தனர் என்பது நோக்கத்தக்கது. இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கூறும் காட்சி ஒன்றுண்டு. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றிலே, முகத்தில் சலனமேயின்றிப் பணம் வாங்கும் பெண் ஒருத்தி நிற்கிறாள். ஜோ மங்கனியெல்லோ நடிக்கும் ரிச்சி என்பவன், தன் ஆட்டத்தால் அவளை ஒரு முறை புன்னகைக்கச் செய்யவேண்டும் என்று தோழர்கள் அவனைத் தூண்டி அனுப்புகின்றனர். கடையில் ஒலிக்கும் பழைய பாடலுக்கு அவன் ஆடுகிறான். நொறுக்குத் தீனிப் பொதியைக் கிழித்து இறைக்கிறான். தண்ணீரைத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறான். அவள் முகம் மாறவில்லை. ஈற்றில், அவற்றின் விலை என்னவென்று அவன் கேட்க, அவள் புன்னகைக்கிறாள். சாளரத்திற்கு வெளியே நின்று பார்த்த தோழர்கள் துள்ளிக் குதிக்கின்றனர். படமாளிகையில் இருந்தோரும் அவர்களுடன் ஆர்ப்பரித்தனர்.

இக்காட்சியில் எள்ளப்படுபவர் எவருமில்லை. அழகிய ஆடவன் ஒருவன், களைத்துப்போன ஒரு தொழிலாளப் பெண்ணின் புன்னகைக்காகத் தன்னை வேடிக்கைப் பொருளாக்கிக்கொள்கிறான். அவளிடமிருந்து அவன் வேறெதனையும் வேண்டவில்லை. காண்போரின் சிரிப்பு நகையில் தொடங்கி உவகையில் முடிகிறது.

இரு படங்களிலும் மேடையை ஆளும் குரல்களை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். முதற்படத்தின் தொடக்கத்தில், முதலாளி மேடையில் நின்று எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று பெண்களுக்குச் சட்டம் உரைக்கிறான். அது ஆணையிடும் ஆண்குரல். இரண்டாம் படத்தில் அவ்விடத்தைப் பெறுபவள் ஜேடா பிங்கெற் ஸ்மித் நடிக்கும் ரோம் என்பவள். ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரில், கறுப்பினப் பெண்கள் பெருமளவிற் கூடும் மனை ஒன்றை நடத்தும் அவள், வந்தோரை அரசியர் என்றே விளிக்கிறாள். அவர்கள் வேண்டுவது யாது என்று வினவுகிறாள். உடற்பருமன் மிக்கவரும் வயது முதிர்ந்தவரும் அங்கே அழகியராகவே நடத்தப்படுகின்றனர். சார்ள்ஸ்டன் நகரத்து மாளிகை ஒன்றில், நடுத்தர வயதுப் பெண்கள் தம் மணவாழ்வின் ஏமாற்றங்களைச் சிரிப்பும் பெருமூச்சுமாக எடுத்துரைக்க, ஆட்டக்காரர் அமர்ந்து கேட்கின்றனர். திரைப்படங்களிலே இத்தகைய பெண்கள் கதைத்தலைவியின் அத்தையாகவோ அயலவளாகவோ ஓரத்தில் நிற்பதே வழக்கம். இங்கே, பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் தம்மையே திரையிற் கண்டனர். ஆரவாரத்தின் பெரும்பகுதி ஆடவரின் உடலழகிற்கு உரியதென்பது மெய். ஆயினும், கேட்கப்படாதிருந்தோர் கேட்கப்பட்டதனால் எழுந்த மகிழ்ச்சியும் அதனுள் அடங்கும்.

மறுபக்கக் கருத்துக்களும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. கதை எனத்தக்கது ஒன்றுமில்லை என்பது விமரிசகர் சிலரின் குறை; முரண் இன்றேல் நாடகம் இல்லை என்னும் மரபின்படி அது நியாயமான குறையே. முதற்படத்தின் பொருளாதார நோக்கு மறைந்துவிட்டதே என்று வருந்தினோரும் உளர். இன்னும் ஆழமான வினா ஒன்றுண்டு: பெண்ணின் உடலை விலைப்பொருளாக்குவது இழிவாயின், ஆணின் உடலை அவ்வாறு ஆக்குவது மட்டும் எங்ஙனம் தகும்?

இவ்வினாவிற்குப் படம் முழு விடை தரவில்லை. எனினும், விடைக்கு அணுக்கமான ஒன்றைச் செய்கிறது. மாநாட்டை அடையுமுன், ஆட்டக்காரர்கள் தம் பழைய வேடவுடைகளை வழியிலேயே எறிந்துவிடுகின்றனர். தீயணைப்பு வீரன் வேடத்தைப் பல்லாண்டு புனைந்த ரிச்சி அதனைக் கைவிடுகிறான். திருமணத்தை விரும்பும் அவன் மணக்கோலத்தில் ஆடுகிறான். ஓவியம் பழகுபவன் மேடையில் ஓவியம் தீட்டுகிறான். பாட விழைபவன் பாடுகிறான். பிறர் வகுத்த ஆண்மை வேடத்தைக் களைவதே அவர்களின் மெய்யான உடைகளைவு. தானாக விரும்பி ஆடுபவனும், தன் விருப்பத்தை நாணாது கூறுபவளும் எதிரெதிரே நிற்கும்போது, விலைப்பொருள் என்னும் சொல் முற்றும் பொருந்துவதில்லை. முற்றும் பொருந்தாமலும் போவதில்லை. மேடையில் இறையும் பணத்தாள்கள் அதனை நினைவூட்டிக்கொண்டேயிருக்கின்றன.

இதே பொருள்பற்றிய இங்கிலாந்துப் படமொன்றும் அதன் தொடர்ச்சியும் ஒப்புநோக்கத்தக்கன. 1997 ஆம் ஆண்டு வெளிவந்த 'த புல் மொன்ரி', உருக்குத் தொழில் நலிந்த ஷெபீல்ட் நகரில், வேலையிழந்த ஆறு ஆடவர் ஓரிரவு உடைகளைந்து ஆடிப் பணம் ஈட்ட முனைந்த கதை. அவர்கள் அழகரல்லர், தொப்பையும் நாணமும் உடையவர். அவர்தம் துணிவைக் கண்டு சிரித்த உலகம் அப்படத்திற்கு 25 கோடி டொலருக்கு மேல் அளித்தது. 2023 ஆம் ஆண்டு அதன் தொடர்ச்சி எட்டுப் பகுதிகளாக வெளிவந்தபோது, முதுமையடைந்த அவ்வாடவர் மீண்டும் மேடையேறவில்லை; பள்ளிக்கூடம், மருத்துவமனை, உதவிப்பணம் என அன்றாட வாழ்வின் இடர்களே கதையாயின. அங்கே ஆக்கியோர் தாம் சொல்ல எண்ணியதைத் தொடர்ந்தனர். களியாட்டத்தை நாடி வந்தோர்க்கு அது கிட்டவில்லை. அமெரிக்கப் படத்தினரோ களியாட்டத்தைத் தந்து, துயரத்தைக் கழித்தனர். இரண்டு வழியிலும் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டியதாயிற்று.

'மஜிக் மைக்' வரிசை மேலும் தொடர்ந்தது. 2017 ஆம் ஆண்டு லாஸ் வேகஸ் நகரிலும், 2018 ஆம் ஆண்டு லண்டனிலும் அப்பெயரில் மேடை நிகழ்ச்சிகள் தொடங்கின. 2023 ஆம் ஆண்டு சொடர்பேர்க்கே மீண்டும் நெறிப்படுத்திய மூன்றாம் படம் வெளிவந்து, ஆறு கோடி டொலரையும் எட்டாமல் நின்றது. வருவாயில் முதற்படத்தை வெல்ல இயலாத இரண்டாம் படமோ, ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய அன்பர்களைப் பெற்றுவருகிறது. முதல்வாரக் கணக்கு அளப்பது எத்தனைபேர் வந்தனர் என்பதை மட்டுமே. வந்தவர் எத்தகைய சிரிப்போடு வீடு திரும்பினர் என்பதை அளக்கும் கோல் அதனிடம் இல்லை.