பெட்ரோலின் முதுமை

உலகிற் காணப்படும் பொருள்களுட் பெரும்பாலன காலத்தின் வசப்பட்டனவே. பால் ஒரு நாளிலும் பழம் சில நாளிலும் கெடுவதைக் கண்ணாரக் காண்கிறோம். நெய்யும் கடலையெண்ணெயும் சில திங்களிற் காறுவதையும் அறிவோம். ஆனால் பெட்ரோல் மட்டும் தகரத்தில் அடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்காக அப்படியே இருக்கும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அதன் நிறத்திலும் தோற்றத்திலும் மாறுதல் எளிதிற் புலப்படாமையே இவ்வெண்ணத்திற்குக் காரணம். உண்மை யாதெனில், பெட்ரோலும் மூப்படையும். மூப்படைந்த பெட்ரோல், தரையில் ஓடும் வண்டிக்குத் தொல்லையும் வானிற் பறக்கும் சிறு விமானத்திற்கு ஆபத்தும் விளைவிக்கும். அது மூப்படையும் வகையையும் அதனைத் தடுக்கும் வழியையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

இப்பொருளை ஆராய்வதற்கு மேனாம்பேடும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மிக ஏற்றன. மேனாம்பேடு சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தைச் சார்ந்தது. 1964-ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இதன் அயலில் உள்ளது. ஆதலின் பட்டறைகளும், மோட்டார் வண்டிகளும், மின்சாரம் நின்றபோது உதவும் ஜெனரேட்டர்களும் இப்பகுதியில் மலிந்துள்ளன. கிழக்கே மணலியில் 1969 முதல் இயங்கிவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. வடக்கே புழல் ஏரி. இரண்டாம் உலகப் போரில், 1944, 1945-ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் அணியைச் சேர்ந்த காட்டலினா என்னும் நீர்விமானங்கள் அவ்வேரியின்மீது இறங்கி ஏறின. அதற்கும் அப்பால் சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அதன்மீது நெடுங்காலம் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்று, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் திறக்கப்படும்வரை புகழ்பெற்றிருந்தன. இங்ஙனம் வானூர்தியும் தரையூர்தியும் ஆகிய இரண்டின் எஞ்சின்களும் முழங்கிய நிலப்பகுதி இது. அன்றியும் ஏரிகள் சூழ்ந்து ஈரம் மிகுந்த இடமாதலின், பெட்ரோலின் பெரும்பகைவனாகிய நீரும் இங்கே எப்பொழுதும் அருகிலிருக்கிறது.

பெட்ரோல் என்பது தனிப்பொருளன்று. கரியும் ஹைட்ரஜனும் கூடிய நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலப்பு அது. ஒரு மூலக்கூற்றில் நான்கு கரியணு முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு கரியணு வரை உடையன அதில் உள்ளன. அவற்றுட் சிறியவை நம் நாட்டு வெயிலின் சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். பெரியவை 200 பாகை செண்டிகிரேடு அளவிலேயே கொதிக்கும். இலேசான பகுதி, குளிர்ந்திருக்கும் எஞ்சினை எழுப்புதற்குத் துணை செய்கிறது. கனமான பகுதி தொடர்ந்து உழைக்கும் ஆற்றலைத் தருகிறது. இவ்விரண்டின் அளவும் ஒத்திருத்தலே நல்ல பெட்ரோலின் இலக்கணம். அவ்வளவு பிறழ்வதே மூப்பின் தொடக்கம்.

முதலாவது, ஆவியாதலால் நேரும் கேடு. மூடி இறுகாத தகரத்திலிருந்தும், காற்றுத்துளையுள்ள வண்டித் தொட்டியிலிருந்தும் இலேசான பகுதியே முன்னே வெளியேறுகிறது. பெட்டியிலிட்ட கற்பூரம் யாரும் எடாமலே குறைவதுபோல இது நிகழும். பாதி நிரம்பிய தொட்டி பகலிற் சூடேறும்பொழுது ஆவியை வெளிவிடுகிறது. இரவிற் குளிரும்பொழுது ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. நாடோறும் இவ்வாறு மூச்சு விட்டு வாங்குதலால், சில திங்களில் எஞ்சியிருப்பது கனமான பகுதியே. அதனை ஊற்றிய எஞ்சின் எத்துணை முறை உதைத்தாலும் எழுவதில்லை. எழுந்தாலும் இருமி இருமி ஓடும்.

இரண்டாவது, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுதலால் நேரும் கேடு. கடலையெண்ணெய் காறுவதும், ஆளிவிதையெண்ணெய் பூசிய பலகையில் வார்னிஷ் உறைவதும் எக்காரணத்தாலோ, அதே காரணத்தாலேயே பெட்ரோலும் பழுதாகிறது. பெட்ரோலிலுள்ள சேர்மங்களுட் சில, இரட்டைப் பிணைப்புடைய கரியணுக்களைக் கொண்டவை. இவற்றை ஒலிஃபின் என்பர். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் வழங்கும் பாரத் ஸ்டேஜ் ஆறாம் தரப் பெட்ரோலில் இவை நூற்றுக்கு 21 பங்கு வரை இருக்கலாம். பிராணவாயு இவ்விரட்டைப் பிணைப்பின் அருகே பற்றிப் பெராக்ஸைடு என்னும் பொருளை உண்டாக்கும். அது மேன்மேலும் பிற மூலக்கூறுகளைத் தொடர்ந்து கெடுக்க, ஈற்றிற் பிசின் தோன்றும். இதனைத் தடுக்கவே ஆலையிற் சில காப்புப்பொருள்கள் மிகச் சிறிய அளவிற் சேர்க்கப்படுகின்றன. ஆயினும் அவை தம்மைப் பலியிட்டே பெட்ரோலைக் காக்கின்றனவாதலின், அவை தீர்ந்த நாளிலிருந்து கேடு விரைந்து நடக்கும். வெப்பமும், செம்பு முதலிய உலோகங்களின் தொடர்பும் அவ்விரைவை மிகுவிக்கும்.

இதனை அளந்தறியும் முறையும் உண்டு. 100 பாகை வெப்பத்தில், ஏறத்தாழ ஏழு வளிமண்டல அழுத்தமுள்ள பிராணவாயுவில் பெட்ரோலை அடைத்து வைத்து, எத்துணை நேரம் அது வாயுவை உண்ணாமல் எதிர்த்து நிற்கிறது என்று பார்ப்பர். இந்தியத் தர விதிப்படி 360 நிமிடமேனும் அது நிற்றல் வேண்டும். விற்பனைக்கு வரும்பொழுது அதிலுள்ள பிசின் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இவ்வளவு சிறிய எடையைக் குறித்து ஏன் இத்துணைக் கவலை என்று கேட்கலாம். கார்புரேட்டரிலுள்ள ஜெட் என்னும் துளை, ஊசி நுழையுமளவினதே. அதன் வாயில் மெல்லிய பிசின்படலம் ஒன்று படிந்தாலும் எஞ்சினுக்கு உணவு குறைந்துவிடும். வால்வின் தண்டிற் படிந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். மூடிய தகரத்தில் நிழலில் வைத்த பெட்ரோல் ஓராண்டு வரை தாங்கும் என்றும், மூடி திறந்தபின் 20 பாகை வெப்பத்தில் ஆறு திங்களும் 30 பாகை வெப்பத்தில் மூன்று திங்களுமே தாங்கும் என்றும் எண்ணெய் வாணிகர் பொதுவாகக் கணக்கிடுவர். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி இரண்டாம் கணக்கிற்கு உரியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது கேடு நம் காலத்திற்குச் சிறப்பாக உரியது. அஃது எத்தனால் என்னும் எரிசாராயத்தாலும் நீராலும் கூடி விளைவது. வெளிநாட்டு எண்ணெயின் தேவையைக் குறைக்கவும் கரும்பு, தானியம் விளைப்போர்க்கு ஊதியம் கிட்டவும் கருதி, நம் நாட்டிற் பெட்ரோலோடு எத்தனால் கலக்கப்படுகிறது. 2022-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த அக்கலப்பு, 2025-இல் இருபது என்னும் அளவை எட்டிற்று. எத்தனாலுக்குத் தட்டல் இன்றி எரியும் நற்குணம் உண்டு. அதனை நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஆயினும் மழைக்காலத்து உப்பு ஈரத்தை இழுத்துக் கசிவதுபோல, எத்தனாலும் நீரை விரும்பி ஏற்கும். பத்துப் பங்கு எத்தனாலுள்ள பெட்ரோல் ஒரு லிட்டர், 15 பாகை வெப்பத்தில், ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, நீரைத் தன்னுள் மறைத்து வைத்துக்கொள்ளும். இருபது பங்குடையது அதனினும் சற்று மிகுதியாகத் தாங்கும். அவ்வெல்லை கடந்தவுடன், எத்தனால் பெட்ரோலை விட்டு நீங்கி நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனிப்படலமாகத் தங்கிவிடும். வெப்பம் குறையும்பொழுது அவ்வெல்லையும் குறையுமாதலின், மாலையிற் தெளிந்திருந்த பெட்ரோல் விடியற்காலையில் இரண்டாகப் பிரிந்து நிற்றலும் கூடும்.

இப்பிரிவினால் இருமடங்கு தீங்கு உண்டாகிறது. எஞ்சினுக்குச் செல்லும் குழாய் தொட்டியின் அடியிலிருந்தே புறப்படுவதால், முதலில் எரியாத நீர்ச்சாராயமே எஞ்சினை அடைகிறது. அதனைக் கழித்தபின் எஞ்சிய மேற்பகுதியோ எத்தனாலை இழந்து ஆக்டேன் எண் குறைந்ததாகித் தட்டலை விளைக்கும். அடியில் தங்கிய நீர்ச்சாராயம், அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் வளையங்களை ஊதச்செய்து கெடுக்கும். ஒருமுறை இவ்வாறு பிரிந்த பெட்ரோலைக் குலுக்கினாலும் அது பழைய நிலையை அடையாது.

இதனால் வரும் இடர் எத்தன்மையது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் கொண்டு அறியலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் மே 31 வரை, கொள்ளைநோய் காரணமாக நாடு முழுதும் அடைக்கப்பட்டிருந்த 68 நாட்களில், எண்ணிறந்த வண்டிகள் வீட்டு வாயில்களில் அசையாது நின்றன. மேலே கூறிய மூச்சு விட்டு வாங்குதல் அவற்றின் தொட்டிகளில் இடையறாது நிகழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பட்டரவாக்கமும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாளில் மின்சாரம் நின்றுவிடும். ஆண்டு முழுதும் மூலையிற் கிடந்த ஜெனரேட்டரைத் தேடி ஓடுவர். நோயாளிக்குப் பிராணவாயு அளிக்கும் கருவியும், குடிநீர் ஏற்றும் பம்பும் அதனையே நம்பி நிற்கும். சென்ற ஆண்டின் பெட்ரோல் அதன் கார்புரேட்டரிற் பிசினாய் உறைந்திருக்குமாயின், அவ்விரவில் அதனால் ஆவது யாது? விவேக உவமையிற் புத்தியில்லாக் கன்னியர் ஐவர் எண்ணெய் கொண்டுவராது மோசம்போயினர் என்று வாசிக்கிறோம். எண்ணெய் இருந்தும் அது கெட்டிருந்தால் முடிவு வேறாகாது.

இனி, விமானத்தைப் பற்றிச் சில சொற்கள். வண்டி நின்றால் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தலாம். வானத்தில் ஓரமென்பது இல்லை. ஆதலின், பிஸ்டன் எஞ்சின் பூண்ட சிறு விமானங்களுக்கெனத் தனிப்பெட்ரோல் செய்யப்படுகிறது. இற்றைநாளிற் பெரிதும் வழங்குவது 100 எல்.எல். என்பது. இதில் ஒலிஃபின் மிக அருகியே இருப்பதால் பிசின் எளிதில் உண்டாவதில்லை; எத்தனால் சேர்க்கப்படுவதில்லை; ஆவியாகும் இயல்பும் மோட்டார்ப் பெட்ரோலினும் குறைவு. ஆகவே இது நெடுநாள் கெடாதிருக்கும். தட்டலைத் தடுக்க, லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இதில் உண்டு. ஈயம் உடலுக்குத் தீங்கானது என்பதால், நம் நாட்டில் வண்டிப் பெட்ரோலிலிருந்து அது 2000-ஆம் ஆண்டில் முற்றும் நீக்கப்பட்டது. விமானத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது. வேறெதனோடும் மயங்காதிருக்க இதற்கு நீலநிறம் ஊட்டுவர். முன்னர் வெளிநாட்டிலிருந்தே இந்தியா இதனைப் பெற்றுவந்தது. 2022 செப்டம்பரில் வடோதராவிலுள்ள இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலையில் ஆக்கப்பட்டு வெளிவரத் தொடங்கிற்று.

விலை குறைந்த மோட்டார்ப் பெட்ரோலைச் சிறு விமானத்தில் ஊற்றலாகாதோ என்னும் கேள்வி நெடுங்காலமாக உள்ளது. அமெரிக்காவில் 1982 முதல் சில விமானங்களுக்கு அதற்கு இசைவு தரப்பட்டது; ஆனால் எத்தனால் கலந்ததை ஊற்றலாகாது என்பது நிபந்தனை. ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் 912 முதலிய புதிய எஞ்சின்கள் பத்துப் பங்கு எத்தனால் வரை ஏற்கும். நம் பெட்ரோல் நிலையங்களில் இப்பொழுது வழங்கும் இருபது பங்குக் கலப்பு அவ்வெல்லைக்கும் அப்பாற்பட்டது. விமானம் ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை குறைவதால், தரையில் ஒன்றாயிருந்த கலப்பு வானிற் பிரியக்கூடும் என்பதை மறத்தலாகாது. அக்காலத்து விமானிகள் மான்தோலில் வடிகட்டிப் பெட்ரோல் நிரப்பினர். 1930-இல் மீனம்பாக்கத்தில் தோன்றிய சென்னை விமானக் கழகம் முதலிய பயிற்சிச் சாலைகளிற் பயில்வோர்க்கு முதற்பாடங்களுள் ஒன்று, பறக்குமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் இறக்கி, நிறத்தையும் நீர்த்துளியையும் சோதித்தல். இவ்வொழுக்கம் வண்டி வைத்திருப்போர்க்கும் ஜெனரேட்டர் வைத்திருப்போர்க்கும் பெரும்பயன் தரும்.

நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலைச் சேமிக்க வேண்டா. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாது உரிமமின்றி வைத்திருக்கத்தக்கது மொத்தம் 30 லிட்டரே. உலோகக் கலமாயின் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படாது இறுக மூடியதாய் இருத்தல் வேண்டும். கலத்தின்மேல் வாங்கிய நாளைக் குறித்து, நிழலில், அடுப்பினின்றும் விலக்கி வைக்க. சில கிழமைகள் வண்டி நிற்குமாயின் தொட்டியை நிரப்பி வைக்க. வெற்றிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். ஜெனரேட்டரைத் திங்கள்தோறும் ஒருமுறை இயக்குக. நெடுநாள் நிறுத்துவதாயின் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரிலுள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துக. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தொட்டியைச் சோதியாமல் இயக்க முயலற்க. நிறம் பழுத்து, வார்னிஷ் போன்ற புளித்த வாடை வீசினால் அது முதுமையின் அறிகுறி. எத்தனால் உண்டோ என்று அறிய, அளவுக்குழாயில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் பெட்ரோலும் இட்டுக் குலுக்கி வைக்க. அடியிற் தங்கும் நீர் பத்தைக் கடந்து உயர்ந்திருந்தால் எத்தனால் உண்டென அறியலாம். இச்சோதனை தீயருகே செய்யத்தகாதது. பழைய பெட்ரோலைச் சாக்கடையிற் கொட்டுதல் பெரும்பிழை. அது கொரட்டூர் ஏரி போன்ற நீர்நிலைகளை அடைந்து நஞ்சாகும். சற்றே பழகியதாயின், புதிய பெட்ரோலோடு சிறிது சிறிதாகக் கலந்து வண்டியிற் செலவிடலாம். விமானத்தில் ஒருபோதும் ஆகாது.

சுருங்கக் கூறின், பெட்ரோலைக் கெடாத பொருளென்று எண்ணாமல், பாலையும் நெய்யையும் போல நாள் பார்த்து வழங்குதலே முறை. சிறிய துளை ஒன்று அடைபடுவதால் பெரிய எஞ்சின் நின்றுவிடுகிறது. எஞ்சின் நின்றதால் இருளில் ஒரு வீடோ, வானத்தில் ஓர் உயிரோ தவிக்கிறது. இவ்வறிவை நம் மாணவர் தாம் பெற்றதோடமையாது, தத்தம் ஊரிலுள்ளார்க்கும் எடுத்துரைப்பாராயின், கற்ற இரசாயனம் பயன்பட்டதாகும்.