பஸ்சோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகள்! விளையாட்டில் வெளிவந்த பயம்

1976-ம் ஆண்டு ஜூலை 15. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம் சவுச்சில்லா ஊரில் பள்ளிக்கூட பஸ்சை துப்பாக்கி முனையில் 3 வாலிபர்கள் மடக்கினார்கள். உள்ளே 26 குழந்தைகள்! டிரைவரோடு சேர்த்து அத்தனை பேரையும் ஒரு கல் குவாரிக்குக் கொண்டு போய், மண்ணுக்குள் புதைத்திருந்த லாரிக் கூண்டில் இறக்கி மூடினார்கள்.

16 மணி நேரம்! டிரைவரும் பெரிய பையன்களும் மெத்தைகளை அடுக்கி ஏறி, மூடியைத் தள்ளி வழி உண்டாக்கினார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள்.

"சின்னப் பிள்ளைங்க, மறந்துடும்" என்பது எந்த ஊரிலும் பெரியவர்கள் சொல்வதுதான். மறக்கவில்லை.

லெனோர் டெர் என்ற பெண் மனநல டாக்டர் அந்தக் குழந்தைகளைச் சந்தித்தார். கடத்தல் விளையாட்டையே சில பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஆடினார்கள். சிரிப்பு கிடையாது. ஆடி முடித்தும் பயம் தீரவில்லை. 4 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் ஒருவர்கூட முழுசாக மீளவில்லை.

தனியாக ஆடுவதற்கும் விளையாட்டு சிகிச்சைக்கும் இங்கேதான் வித்தியாசம். மணல் தட்டு, பொம்மை பஸ், போலீஸ் பொம்மை எல்லாம் இருக்கும். பிள்ளை பஸ்சைப் புதைத்தால் டாக்டர் தடுக்க மாட்டார், துருவியும் கேட்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளே ரொம்ப இருட்டா இருக்குமோ? யார் வந்து தோண்டுவாங்க?" என்பார். பிள்ளையே பொம்மையை வெளியே எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

கடத்திய 3 பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. கடைசி ஆசாமியும் 2022-ல் பரோலில் வெளியே வந்துவிட்டான்.