மருத்துவம் மக்களின் உரிமை. செலவு யார் பொறுப்பு?

விபத்தில் அடிபட்டவருக்கும் பாம்புக் கடிக்கு ஆளானவருக்கும் முன்பணம் கேட்காமல் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று கூறும் சுகாதார உரிமை மசோதாவை ராஜஸ்தான் சட்டப்பேரவை 2023 மார்ச் 21-ல் நிறைவேற்றியது. நோயாளிகள் மகிழ வேண்டிய அந்த மாதத்தில் அம்மாநிலத்தின் பல தனியார் மருத்துவமனைகள் மூடிக் கிடந்தன. மசோதாவைத் திரும்பப் பெறக் கோரி மருத்துவர்கள் வீதியில் இறங்கியிருந்தனர்.

அரசு தனது கடமையைத் தங்கள் தலையில் கட்டுகிறது என்பது அவர்களது புகார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நோயாளி பணம் செலுத்தாவிட்டால் அத்தொகையை அரசு ஈடு செய்யும் என்கிறது சட்டம். எவ்வளவு, எத்தனை நாளில் என்ற கேள்விகளோ பின்னர் வகுக்கப்படும் விதிகளுக்கு விடப்பட்டன. அரசிடமிருந்து வர வேண்டிய பணத்துக்காகக் காத்திருந்து பழகியவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

எனினும், உயிர் காக்கும் கடமை புதிதாகச் சுமத்தப்பட்டதல்ல. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் அடிபட்டு வருபவரின் உயிரைக் காப்பதே முதல் கடமை என பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அரசுக்கும் அந்நீதிமன்றம் பாடம் புகட்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ ரூ.17 ஆயிரம் செலவழித்து அவர் பிழைத்தார். அவருக்கு ரூ.25 ஆயிரம் இழப்பீடு வழங்க 1996-ல் உத்தரவிட்ட நீதிபதிகள், நிதி இல்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றனர்.

நிதி விஷயத்தில்தான் எல்லா அரசுகளும் தடுமாறுகின்றன. நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு அரசுகள் செலவிடும் நிலையை 2025-க்குள் எட்ட வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்தது. 2021-22-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். அவ்வாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்களே கைப்பணத்திலிருந்து கட்டினர்.

ராஜஸ்தானில் 2023 ஏப்ரல் 4-ல் உடன்பாடு ஏற்பட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கும், அரசிடம் நிலமோ சலுகையோ பெறாதவற்றுக்கும் விலக்கு அளிக்க அசோக் கெலாட் அரசு இசைந்தது. பெரிய மருத்துவமனை எதுவும் இல்லாத சிற்றூரில் பாம்பு கடித்தவருக்கு மீண்டும் அரசு மருத்துவமனைதான் கதி. ஈட்டுத் தொகைக்கான விதிகள் வகுக்கப்படும் முன்பே அவ்வாண்டு டிசம்பரில் அங்கு ஆட்சி மாறியது.