சிறுநீரகப் புற்றுநோய்: கட்டியின் புரதங்கள் சொல்வது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம் வாகன உதிரிபாகத் தொழிலின் மையம். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது இத்தொழிலில் அன்றாட வேலை. அதற்கு உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்ட கரைப்பான்களில் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். இது சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது. புகைப்பழக்கம், உடல்பருமன், உயர் ரத்த அழுத்தம் ஆகியவையும் இந்நோய்க்கு வழிவகுப்பவை.

மறுபடி வருமா?

கட்டியை அகற்றியதும் குடும்பத்தார் கேட்பது இதைத்தான். விடையின் ஒரு பகுதி புரதங்களில் இருக்கிறது.

சிறுநீரகப் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று ‘கிளியர் செல்’ வகை. இவற்றில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். புரதம் செயலிழந்திருக்கும். எச்.ஐ.எஃப். என்ற இன்னொரு புரதத்தை அடக்கிவைப்பது அதன் வேலை. அடக்க ஆளில்லாதபோது, ஆக்சிஜன் பஞ்சம் வந்ததுபோல் செல் புதுப்புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும், கட்டி கொழுக்கும். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நோயின் போக்கைக் காட்டுவதில் பி.ஏ.பி.1 புரதம் முக்கியமானது. மெழுகில் பதித்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, இப்புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் இடுவார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். புற்றுசெல்களில் அந்தப் பழுப்பு இல்லையென்றால், நோய் வேகமாகப் பரவக்கூடும் என்று பொருள். ரத்தத்தில் சி.ஆர்.பி. புரதம் மிகுந்திருப்பதும் நல்ல அறிகுறியல்ல.

கட்டம்தான் பெரிது

ஆனாலும் இச்சோதனைகள் துணைச் சான்றுகளே. சிகிச்சையை இன்றும் பெரிதும் தீர்மானிப்பது நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதே. அமெரிக்கக் கணக்கின்படி, சிறுநீரகத்துக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறிந்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவில் பரவிவிட்டால் 2 பேர்கூட இல்லை.

ஆகவே, சிறுநீரில் ஒரேயொரு முறை ரத்தம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எந்தக் கரைப்பானோடு எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டிரைகுளோரோஎத்திலீன் போன்ற, ஹாலோஜன் கலந்த ஹைட்ரோகார்பன் நச்சுகளால் வரும் நோய்களை இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் தொழில்நோயாக ஏற்கிறது. அந்த உரிமையைக் கேட்க வேலைப் பதிவு வேண்டும். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதமின்றி, கையாண்ட ரசாயனத்தின் பெயரை ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்பிலும் நிர்வாகங்கள் எழுதிவைக்க வேண்டும்.