முதல் பேஸ் பக்கம் உட்காருங்கள்

மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, கீப்பர் மாதிரி ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் ஸ்டம்பைக் காணோம். பந்து போடுகிற பெண் கையை ராட்டினம்போல ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விர்ரென்று விடுகிறாள். அரை மணி நேரம் ஆகியும் ஸ்கோர் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அடையாறு பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தின் வேலியோரம் நின்று நான் முதன்முதலில் சாஃப்ட்பால் பார்த்தது இப்படித்தான். பக்கத்தில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்தவர், "இன்னா சார், ஒருத்தரும் அடிக்கவே மாட்டேன்றாங்க" என்றார். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. இருவருமே தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

கிரிக்கெட்டில் ஊறிய சென்னைக் கண், மட்டையில் பட்ட பந்து எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறதா என்று அதன் பின்னாலேயே போகும். சாஃப்ட்பாலில் கண் போக வேண்டிய இடம் வேறு. பந்து பட்டதும் முதல் பேஸை, அதாவது அடித்தவள் ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் இடத்தைப் பாருங்கள். கிரிக்கெட்டில் ரன் அவுட் என்பது விபத்து. யாரோ கூப்பிட்டு யாரோ ஏமாந்து நடப்பது. இங்கே அதுதான் அன்றாடச் சோறு. ஆட்டம் முழுக்க ரன் அவுட்டைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

சந்து கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதை விளக்க ஒரு சுருக்குவழி உண்டு. ஆள் குறைவாக இருக்கும் நாளில் 'டிப் அண்ட் ரன்' என்று ஆடுவோமே: மட்டையில் பந்து பட்டுவிட்டால் ஓடியே ஆக வேண்டும், தட்டிவிட்டு நிற்கக் கூடாது. சாஃப்ட்பாலின் அடிப்படையும் அதுவே. பந்து கோட்டுக்குள் விழுந்ததா, மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட்டம். தூரம் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். நம் கிரிக்கெட் பிட்ச்சைவிடக் கிட்டத்தட்ட 2 மீட்டர் குறைவு. நன்றாக ஓடுகிற பெண் மூன்று நொடியில் போய்விடுவாள். அந்த மூன்று நொடிக்குள் ஃபீல்டர் குனிந்து பொறுக்கி, நிமிர்ந்து, முதல் பேஸில் நிற்பவளின் கையுறைக்குள் பந்தை எறிய வேண்டும். பேஸில் ஒரு காலை வைத்தபடி அவள் பந்தைப் பிடித்தால் போதும், ஓடி வருகிறவளைத் தொட வேண்டியதில்லை. பந்து முந்தினால் அவுட், கால் முந்தினால் சேஃப். அம்பயர் கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்கிறார் என்பார்கள். பந்து கையுறையில் விழும் 'டப்' முதலில் கேட்டதா, கால் பேஸில் படும் 'தொம்' முதலில் கேட்டதா என்று.

ஓடி வந்தவள் பேஸில் நிற்காமல் தாண்டி ஓடிவிடுகிறாளே என்று குழம்ப வேண்டாம். முதல் பேஸில் மட்டும் அதற்கு அனுமதி உண்டு. தாண்டிப் போய்விட்டு நேரே திரும்பி வரலாம். முறையாக மைதானம் போட்டிருந்தால் அங்கே பேஸ் இரட்டையாக இருக்கும்: வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு, ஆரஞ்சுப் பாதி ஓடுகிறவளுக்கு. கால் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

இனி இரண்டாவது படி. முதல் பேஸில் ஏற்கெனவே ஒருத்தி நிற்கும்போது அடுத்தவள் அடித்துவிட்டு ஓடி வருகிறாள். ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்க முடியாது, முன்னவள் இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவது பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். இப்படித் தள்ளப்பட்டு ஓடுகிறவளை அவுட்டாக்க, பந்தை வைத்துக்கொண்டு பேஸைத் தொட்டாலே போதும். இதற்கு 'ஃபோர்ஸ் அவுட்' என்று பெயர். யாரும் தள்ளாமல் தானாகத் துணிந்து ஓடுகிறவளையோ பந்து உள்ள கையால் உடம்பிலேயே தொட வேண்டும், அது 'டேக்'. இந்த வித்தியாசம் பிடிபட்ட கணத்தில் ஆட்டம் திறந்துகொள்ளும். ஃபீல்டர் ஏன் சில சமயம் அலட்சியமாகப் பேஸை மிதித்துவிட்டுப் போகிறாள், சில சமயம் ஏன் புழுதி கிளப்பி விழுந்து தொடுகிறாள் என்பது தெரிந்துவிடும். ஒரே பந்தில் இரண்டாவது பேஸை மிதித்து ஒரு அவுட், அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிந்து இன்னொரு அவுட் என்று எடுத்தால் 'டபுள் பிளே'. அப்போது ஃபீல்டிங் அணிப் பெண்கள் போடுகிற கூச்சலை ரோட்டில் போகிறவரும் நின்று கேட்பார்.

நான்கு பேஸையும் சுற்றிக் கிளம்பிய இடமான 'ஹோமு'க்கே வந்தால்தான் ஒரு ரன். மூன்று அவுட் ஆனால் அணிகள் இடம் மாறும். மொத்தம் 7 இன்னிங்ஸ். 5 இன்னிங்ஸ் முடிந்து 7 ரன் வித்தியாசம் இருந்தால் அதற்குமேல் இழுக்க மாட்டார்கள், ஆட்டம் அதோடு முடிந்தது. ஆகவே 0–0 என்பதைப் பார்த்து அலுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஜப்பான் அமெரிக்காவை வென்ற ஸ்கோரே 2–0தான்.

அடிப்பதற்கு முன்னால் நடக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தரையில் பதித்த ஐங்கோணப் பலகைக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே பந்து போனால் 'ஸ்ட்ரைக்', வெளியே போகிற பந்தை அடிக்க முயலாமல் விட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அம்பயர் இடது கை விரலில் பாலையும் வலது கை விரலில் ஸ்ட்ரைக்கையும் காட்டுவார். ஸ்கோர்போர்டு வைக்காத மைதானத்தில் அந்த விரல்களே ஸ்கோர்போர்டு. 'த்ரீ–டூ' என்று குரல் கேட்டால் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள், அடுத்த பந்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த கிறுக்குத்தனம் ஒன்று உண்டு. மூன்றாவது ஸ்ட்ரைக்கை, கீப்பர் மாதிரி உட்கார்ந்திருக்கும் கேட்சர் தவறவிட்டுவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தால், அல்லது ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால், அவுட்டானதாக நாம் நினைத்த பெண் தலைதெறிக்க ஓடலாம். பந்து முந்தவில்லை என்றால் பிழைத்தாள். இதைச் சொன்னபோது மயிலாப்பூர் நண்பர் ஒருவர் நம்பவில்லை. "ஓய், கேட்ச் விட்டா சரி, க்ளீன் போல்டு ஆனவன் ஓடறதா?" என்று கேட்டார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் காகிதத்தில் இது மென்பந்து. மைதானத்தில் எல்லோருக்கும் சாஃப்ட்பால். யாழ்ப்பாணத்து நாளிதழில் 'மென்பந்து சுற்றுப்போட்டி' என்று வந்தால் அது டென்னிஸ் பந்து கிரிக்கெட். சாஃப்ட்பாலுக்கு நெருங்கின சொந்தம் அங்கே பள்ளிக்கூடங்களில் ஆடுகிற 'எல்லே'. எந்தப் பெயரில் சொன்னாலும் இந்தப் பந்து மென்மையானதல்ல. சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது. ஒன்பது பேரும் தோல் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பது அலங்காரத்துக்கில்லை.

கீழ்க்கை வீச்சு என்றதும் 1981-இல் மெல்போர்னில் டிரெவர் சாப்பல் உருட்டிவிட்ட பந்து ஞாபகம் வந்து இளக்காரம் வேண்டாம். பெண்கள் ஆட்டத்தில் பந்து போடுகிற பிட்ச்சர் நிற்பது 43 அடி தூரத்தில், அதாவது 13.1 மீட்டர். மணிக்கு 95 கிலோமீட்டரில் விட்டால் பந்து அரை நொடியில் வந்து சேரும். கிரிக்கெட்டில் கிரீஸுக்குக் கிரீஸ் 17.7 மீட்டர், 130 கிலோமீட்டர் வேகப் பந்துக்கும் அதே அரை நொடிதான். நம் ஊர்க் கல்லூரிப் பெண்கள் எல்லோரும் அந்த வேகத்தில் போடுவதில்லை. ஆனால் ஒரு நல்ல பிட்ச்சர் அமைந்துவிட்டால் ஏழு இன்னிங்ஸையும் தனியாளாக இழுத்துக்கொண்டு போவாள், பத்து ஓவர் என்கிற வரம்பெல்லாம் கிடையாது.

பந்து பிட்ச்சரின் கையை விடும்வரை ஓடக் காத்திருப்பவள் பேஸைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அவுட், பேச்சே இல்லை. 2019-இல் ஜெய்ப்பூரில் நம் மேற்கு மாம்பலத்து அஸ்வின், பந்து போடும் முன்பே கிரீஸைவிட்டு வெளியேறிய பட்லரை ரன் அவுட்டாக்கியதற்கு உலகமே கூடித் தர்ம நியாயம் பேசியதல்லவா? சாஃப்ட்பாலில் அந்தப் பஞ்சாயத்துக்கே இடமில்லை. அம்பயரே கையைத் தூக்கிவிடுவார்.

இந்த ஆட்டம் 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் குழாமின் அறைக்குள் பிறந்தது. ஹார்வர்டு–யேல் அமெரிக்கக் கால்பந்து முடிவுக்காகத் தந்தி எதிர்பார்த்துக் கூடியிருந்தவர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையை எறிய, இன்னொருவர் குச்சியால் அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதை ஓர் ஆட்டமாக்கினார். சாஃப்ட்பால் என்கிற பெயரைக் கொடுத்தவர் டென்வர் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹாகன்சன், 1926-இல். கூடைப்பந்தும் கைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ. தொட்டிலில் பிறந்தவை. அந்த அமைப்பின் சார்பில் 1919-இல் சென்னைக்கு வந்த அமெரிக்கர் ஹாரி குரோ பக் மறு ஆண்டே உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் அவரே. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வளாகம் பொங்கல் சமயத்துப் புத்தகக் காட்சி நடக்கிற இடம். பஜ்ஜி வாங்கித் தின்ற இடத்துக்குப் பின்னால் நூறாண்டு விளையாட்டுச் சரித்திரம் இருக்கிறது.

சரி, எங்கே எப்போது பார்ப்பது? கல்லூரி சாஃப்ட்பாலுக்குச் சுவரொட்டியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. தெரிந்த பிள்ளைகள் யாராவது கல்லூரி அணியில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கல்லூரியின் பிசிகல் டைரக்டரைக் கேளுங்கள். 'பி.டி. சார்' என்றோ 'பி.டி. மேடம்' என்றோ வாசலில் சொன்னால் காவலாளி வழி காட்டுவார். மகளிர் கல்லூரி வளாகத்துக்குள் வெளியாள் சும்மா நுழைய முடியாது. முன்கூட்டியே அனுமதி கேட்பதே மரியாதை. பொது மைதானத்தில் நடக்கிற ஆட்டமென்றால் இந்தத் தொல்லை இல்லை. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்குமேல் சென்னை வெயிலில் மரநிழல் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டிவரும், ஐப்பசி கார்த்திகையில் மைதானமே குளமாகியிருக்கும். தண்ணீரும் தொப்பியும் உங்கள் பொறுப்பு.

கேட்சருக்குப் பின்னால் வலை கட்டியிருப்பார்கள். அந்த வலை மறைவிலேயே, முதல் பேஸ் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்காருவது உத்தமம். அதற்கும் அப்பால் போனால் கோட்டுக்கு வெளியே பறக்கும் ஃபவுல் பந்து வரும். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே நேரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற ஆட்டங்களுக்கு நடுவே நடந்து பழகியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் பந்தின்மேல் ஒரு கண் வைத்திருங்கள். பார்வையாளர் என்று நாற்பது பேர் தேறினால் அதிகம்: மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு அம்மாக்கள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியில் கல்லூரிப் பெண்களின் சாஃப்ட்பால் இறுதிச் சுற்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பாலையும் அதே ஊரில்தான் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டும் 1900-க்குப் பிறகு அதே ஒலிம்பிக்கில்தான் திரும்புகிறது.

நாற்பது பேரில் ஒருவராக இருப்பதில் ஒரு லாபம், எல்லாம் காதில் விழும். "பாத்துடி, பாத்துடி, பொறுமையா," "அக்கா, செகண்ட்ல போடு, செகண்ட்ல!" கடந்த முறை நான் பார்த்த ஆட்டத்தில் முதல் பேஸில் நின்றவள் இடதுகைக்காரி. அந்த இடத்துக்கு இடதுகை வாட்டமானது. ஆனால் அணியில் இருந்த கையுறைகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்கானவை, அதாவது இடது கையில் மாட்டுபவை. எறிகிற கையிலேயே கையுறையை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தாள். எறிய வேண்டியபோது கையுறையை உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தை உருவி எறிந்தாள். ஒவ்வொரு முறையும் அரை நொடி நஷ்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணி இதைக் கவனித்துவிட்டது. அவள் கையுறையை உதறுகிற நேரம் பார்த்து மூன்றாவது பேஸிலிருந்து ஒருத்தி ஹோமுக்கு ஓடி ஒரு ரன் எடுத்துவிட்டாள். ஆறாவது இன்னிங்ஸில் அதே தந்திரத்தை மறுபடி போட்டார்கள். இம்முறை அவள் பந்தை உருவவே இல்லை. பந்து உள்ளே இருக்க, கையுறையோடு சேர்த்தே அப்படியே கேட்சரிடம் வீசிவிட்டாள். கேட்சர் இரண்டையும் சேர்த்து மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்தவளின் தோளைத் தொட்டாள்.

அம்பயர் இரண்டு நொடி யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினார். எதிரணிப் பயிற்சியாளர் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடக்க ஆரம்பித்தார்.