'ஆப்பிரிக்கத் துணி' எங்கே பிறந்தது? யின்கா ஷோனிபாரேயின் கலை சொல்லும் கதை

லண்டன் கலைப் பள்ளி ஒன்றில் 1980களில் படித்துக்கொண்டிருந்த இளையர் ஒருவர், அப்போது சோவியத் ஒன்றியத்தில் நடந்துவந்த 'பெரெஸ்த்ரோய்க்கா' சீர்திருத்தங்களைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டு படைப்பு ஒன்றில் ஈடுபட்டிருந்தார். அதைக் கண்ட ஆசிரியர், ஆப்பிரிக்கரான நீங்கள் உண்மையான ஆப்பிரிக்கக் கலையைப் படைக்கலாமே என்ற பொருளில் அவரிடம் கேட்டார்.

அந்தக் கேள்வி அந்த இளையரைப் பல ஆண்டுகளுக்கு விடவில்லை. அவர்தான் இன்று உலகம் அறிந்த கலைஞராக விளங்கும் யின்கா ஷோனிபாரே.

நைஜீரியப் பெற்றோருக்கு 1962ல் லண்டனில் பிறந்த அவர், மூன்று வயதில் குடும்பத்துடன் லாகோஸ் நகருக்குச் சென்றார். வீட்டில் யோருபா மொழியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்து, பதின்ம வயதில் படிப்புக்காக மீண்டும் பிரிட்டன் திரும்பினார். அதன்பின் சிறிது காலத்திலேயே முதுகுத்தண்டைத் தாக்கிய அழற்சி நோயால் அவரது உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. உடற்குறையோடும் கலைப் படிப்பை அவர் கைவிடவில்லை.

இரண்டு நகரங்களில், இரண்டு மொழிகளில் வளர்ந்த ஒருவருக்கு 'உண்மையான ஆப்பிரிக்கக் கலை' என்பது எது? விடையைத் தேடித் திரு ஷோனிபாரே சென்ற இடம் தென் லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தை. ஆப்பிரிக்க, கரீபிய மக்கள் அதிகம் கூடும் அந்தச் சந்தையில், பளிச்சென்ற வண்ணங்களும் பெரிய பெரிய வடிவங்களும் கொண்ட துணிகள் விற்கப்பட்டன. யாரைக் கேட்டாலும் அவற்றை 'ஆப்பிரிக்கத் துணி' என்றே சொல்வார்கள்.

அவற்றின் பூர்வீகத்தை விசாரித்தபோது அவருக்கு வியப்பு காத்திருந்தது. துணி தயாரானது நெதர்லாந்தில். அதன் வடிவமைப்புக்கு மூலம், நம் வட்டாரத்தின் பாத்திக்.

ஜாவாவில் தொடங்கிய பயணம்

பாத்திக் எப்படி உருவாகிறது என்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கிவிட்டு அடுத்த வண்ணத்துக்கு அதே வேலையைத் திரும்பச் செய்வார்கள். கையால் வரையும் நல்ல பாத்திக் ஒன்று முடிய மாதக்கணக்கில்கூட ஆகும்.

இக்கலையைப் பற்றி ஐரோப்பியர்கள் விரிவாக அறிந்துகொள்ள உதவிய நூல்களில் ஒன்று, ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1817ல் வெளியிட்ட ஜாவா வரலாறு. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் ஜாவாவை நிர்வகித்த அவர், இரண்டு ஆண்டுகள் கழித்து சிங்கப்பூரில் வணிகத் துறைமுகத்தைத் தொடங்கினார்.

கைவேலையை இயந்திரத்தால் செய்தால் மலிவாக விற்கலாம் என்று ஐரோப்பிய ஆலைகள் கணக்குப் போட்டன. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846ல் தொடங்கிய ஆலை அவற்றுள் ஒன்று. இன்று உலகெங்கும் 'விளிஸ்கோ' என்ற பெயரில் அறியப்படும் நிறுவனம் அதுதான். மெழுகுக்குப் பதிலாகப் பிசினைப் பயன்படுத்தி, துணியின் இரு பக்கமும் உருளைகளால் அச்சிட்டார்கள்.

ஆனால் பிசின் ஆங்காங்கே விரிசல் விட்டது. அந்த விரிசலுக்குள் சாயம் புகுந்து மெல்லிய கோடுகளாகப் படிந்தது. கைவேலையின் நேர்த்திக்குப் பழகிய ஜாவா மக்களின் கண்ணுக்கு அது குறையாகத் தெரிந்தது. சந்தை கைகூடவில்லை.

ஜாவாவில் போணியாகாத அதே துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக இன்று கானா என்றழைக்கப்படும் கோல்ட் கோஸ்ட் பகுதியில், நல்ல வரவேற்பு கிடைத்தது. குறை எனப்பட்ட விரிசல் கோடுகளை அங்குள்ளவர்கள் விரும்பினார்கள். ஒரு துணியைப் போல் இன்னொரு துணி இராது என்பது அதன் சிறப்பாயிற்று.

இதில் ராணுவ வீரர்களுக்கும் பங்குண்டு எனச் சொல்லப்படுவதுண்டு. 1831க்கும் 1872க்கும் இடையில் டச்சுக்காரர்கள் கோல்ட் கோஸ்டிலிருந்து ஏறத்தாழ 3,000 ஆப்பிரிக்கர்களைப் படையில் சேர்த்து, தங்கள் கிழக்கிந்தியக் குடியேற்றப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். இங்குள்ள மக்கள் அவர்களை 'பெலாண்டா ஹித்தாம்', அதாவது 'கறுப்பு டச்சுக்காரர்கள்' என்று அழைத்தார்கள். ஊர் திரும்பிய வீரர்கள் சிலர் எல்மினா நகரில் குடியேறிய மேடு இன்றும் 'ஜாவா குன்று' என்றே வழங்குகிறது. அவர்கள் கொண்டுசென்ற பாத்திக் துணிகளே அங்கு ஆசையை விதைத்தன என்பது ஒரு கதை. எனினும், வணிகம் பெரிய அளவில் சூடுபிடித்தது 1890களில், ஸ்காட்லாந்து வணிகர் எபனேசர் பிரவுன் ஃபிளெமிங் டச்சுத் துணிகளை அங்கு விற்கத் தொடங்கிய பிறகுதான்.

பெயர் சூட்டிய பெண்கள்

ஐரோப்பாவிலிருந்து வந்த துணி வெறும் எண்ணோடுதான் வந்திறங்கியது. அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள். எந்த வடிவம் விலைபோகும் என்பதை முன்கூட்டியே அறிந்து ஆலைகளுக்குச் சொன்னவர்களும் அவர்களே. டோகோ நாட்டின் லோமே நகரில் இவ்வணிகத்தால் செல்வம் சேர்த்து, மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வலம்வந்த பெண்களை மக்கள் 'நானா பென்ஸ்' என்று அழைத்தார்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் அவர்கள் பெயர் சூட்டினார்கள். பறக்கும் குருவிகள் கொண்ட துணி, பணத்துக்குச் சிறகு உண்டு, இன்றிருக்கும் நாளை பறக்கும் என்பதைச் சொன்னது. கதவு திறந்த கூண்டும் பறவையும் கொண்ட துணிக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பெயர். கணவனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத எச்சரிக்கையை மனைவியின் உடை சொல்லிவிடும். 'நல்ல மணிகள் ஓசையெழுப்பா' என்ற பொருள்படும் அக்கான் மொழிப் பெயரும் ஒரு துணிக்கு உண்டு. நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்வதும் அதைத்தானே.

திருமணம், பெயர் சூட்டு விழா, இறுதிச் சடங்கு என எல்லாவற்றிலும் இத்துணி இடம்பிடித்தது. கானா 1957லும் நைஜீரியா 1960லும் விடுதலை பெற்ற காலத்தில், ஐரோப்பிய உடைக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடையாளத்தைப் பறைசாற்ற மக்கள் பெருமையுடன் அணிந்த உடைகளில் இதுவும் ஒன்று.

இந்த முரண்தான் திரு ஷோனிபாரேயை ஈர்த்தது. ஆசியாவின் கலை, ஐரோப்பாவின் ஆலை, ஆப்பிரிக்காவின் பெருமிதம் மூன்றும் ஒரே துணியில் பின்னிக் கிடந்தன. தம்மிடம் 'உண்மையான' ஆப்பிரிக்கக் கலை கேட்டவருக்கு இந்தத் துணியையே அவர் பதிலாக்கினார். ஆப்பிரிக்காவுக்குச் செல்லாமல், பிரிக்ஸ்டன் சந்தையிலேயே துணி வாங்கினார்.

தலையில்லாத கனவான்கள்

1990களிலிருந்து அவர் படைத்துவரும் உருவங்கள் பலவற்றுக்குத் தலை இல்லை. ஐரோப்பிய மேட்டுக்குடியினர் அன்று அணிந்த ஆடம்பர உடைகளை இந்தத் துணியிலேயே தைத்து, ஆளுயரப் பொம்மைகளுக்கு அணிவிக்கிறார்.

பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகோனார் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய, ஊஞ்சலாடும் சீமாட்டியின் ஓவியம் புகழ்பெற்றது. அதைத் திரு ஷோனிபாரே 2001ல் சிற்பமாக்கினார். காலணி காற்றில் பறக்க, சீமாட்டி உல்லாசமாக ஆடுகிறார். ஆனால் தலை மட்டும் இல்லை. அந்த உல்லாசத்துக்குப் பின்னால் வந்த பிரெஞ்சுப் புரட்சியையும் தலைவெட்டும் இயந்திரத்தையும் அது நினைவூட்டுகிறது. அதேவேளையில், முகம் இல்லாததால் உருவத்தின் இனமும் தெரிவதில்லை.

2003ல் அவர் படைத்த இன்னொரு படைப்பு, ஆப்பிரிக்காவுக்கான போட்டியைக் காட்டுவது. நீண்ட மேசையைச் சுற்றி 14 தலையில்லாத உருவங்கள். மேசையின்மீது ஆப்பிரிக்காவின் வரைபடம். 1884-85ல் பெர்லினில் கூடி, ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தங்களுக்குள் பங்கிட விதிமுறை வகுத்த நாடுகளின் கூட்டத்தை அது குறிக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. பங்கிட்டவர்கள் உடுத்தியிருப்பது மட்டும் 'ஆப்பிரிக்கத் துணி'.

போத்தலுக்குள் கப்பல்

அவரது படைப்புகளில் பொதுமக்களை மிகவும் கவர்ந்தது, 2010ல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் வைக்கப்பட்ட 'போத்தலுக்குள் நெல்சனின் கப்பல்'. 1805ல் டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டனுக்கு வெற்றி தேடித்தந்த தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலை, முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து பெரிய போத்தல் ஒன்றுக்குள் அடைத்தார். அதன் 37 பாய்களும் பாத்திக் சாயல் கொண்ட அந்தத் துணி வடிவங்களால் ஆனவை.

அந்த வெற்றிக்குப் பின் கடல்வழிகள் பிரிட்டனின் பிடிக்குள் வந்தன. பேரரசு விரிந்தது. அதன் வழியாகவே மக்களும் இடம்பெயர்ந்தார்கள். இன்று லண்டன் பல இனத்தவர் வாழும் நகரமாக இருப்பதற்கும் அதே கடல்வழிகளே காரணம் என்பது அந்தக் கப்பல் சொல்லும் செய்தி. பொதுமக்களும் நன்கொடை வழங்கி, 2012ல் அது கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்துறை அரும்பொருளகத்தில் நிரந்தர இடம் பெற்றது.

மதராஸ் கட்டம் போட்ட துணி

தமிழ்நாட்டுத் துணிக்கும் ஆப்பிரிக்காவில் இதுபோன்ற ஒரு கதை உண்டு. மதராஸ் வட்டாரத்தில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி, வணிகர்கள் வழியாக நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்களைச் சென்றடைந்தது. அவர்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். அதோடு நில்லாமல், நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி, புதிய வடிவங்களைக் கொண்டுவருகிறார்கள். பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அத்துணிக்கு இடமுண்டு. நெய்தவர் தமிழராக இருக்கலாம். ஆனால் அந்த வடிவம் கலாபாரி மக்களுக்கே உரியது.

யாருக்குச் சொந்தம்?

ஒரு துணி எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. யார் அதை வாழ்வோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு, இது போலி என்று ஒதுக்கினால், பெயர் சூட்டிய சந்தைப் பெண்களின் உழைப்பு மறைந்துபோகும். இரண்டாவதை மட்டும் சொன்னால், லாபம் யாருக்குப் போனது என்பது மறைந்துபோகும். 1960களில் கானாவிலும் ஆலைகள் எழுந்தன. ஆனால் அண்மைக் காலத்தில் சீனாவிலிருந்து வரும் மலிவு நகல்கள் அவற்றின் பிழைப்பையே உலுக்கி வருகின்றன. நகலாகப் பிறந்த துணிக்கே இன்று நகல்!

திரு ஷோனிபாரே இரண்டு கேள்விகளையும் ஒருசேர முன்வைக்கிறார். 2014ல் அவர் உருவாக்கிய 'பிரிட்டிஷ் நூலகம்' என்ற படைப்பில் 6,328 நூல்கள் இந்தத் துணியால் அட்டையிடப்பட்டுள்ளன. பல நூல்களின் முதுகில், பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களின், அவர்களது வழித்தோன்றல்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. குடியேற்றத்தை எதிர்த்தோர் பெயர்களும் அதே அலமாரிகளில் இருக்கின்றன. அனைவருக்கும் ஒரே துணி.

லாகோசில் 2022ல் அவரது அறநிறுவனம் திறந்த இல்லத்தில், பல நாட்டுக் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றுகிறார்கள். அங்கு வருவோரிடம் உண்மையான ஆப்பிரிக்கக் கலை எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த முறை பாத்திக் சட்டையையோ சாரோங்கையோ மடித்து வைக்கும்போது, அதே வடிவங்களின் உறவுக்காரத் துணி எங்கோ அக்ராவிலோ லாகோசிலோ ஒரு கல்யாண வீட்டில் உடுத்தப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அங்கே அதற்கு இன்னொரு பெயர் இருக்கும். அந்தப் பெயரும் உண்மையானதே.