வேர்வீக்க நோய் (முட்டைக்கோசு)

வேர்வீக்க நோய் என்பது முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல், முள்ளங்கி, கடுகு முதலிய கடுகுக் குடும்பப் பயிர்களின் வேர்களைத் தாக்கும் மண்வழி நோய் ஆகும். பிளாசுமோடியோபோரா பிராசிக்கே என்னும் ஒட்டுண்ணி இதனை உண்டாக்குகின்றது. உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் பகுதியில் முட்டைக்கோசுப் பயிர் பெரும் அழிவுக்குள்ளானதைத் தொடர்ந்து இந்நோயை ஆராய்ந்த தாவரவியலாளர் மிகயில் வரோனின், 1878இல் நோய்க்காரணியை விவரித்தார். முன்னர்ப் பூஞ்சையாகக் கருதப்பட்ட இவ்வுயிரி, தற்போது புரோட்டிஸ்டுகளுள் வகைப்படுத்தப்படுகின்றது.

நோய் உருவாகும் முறை

மண்ணில் உறங்கும் வித்திகள் பயிரின் வேரருகே முளைத்து, நீரில் நீந்தும் இயங்குவித்திகளை வெளிவிடுகின்றன. தொற்று முதலில் வேர்த்தூவிகளிலும், பின்னர் வேரின் புறணியிலும் ஏற்படுகின்றது. இரண்டாம் கட்டத்தில் ஆக்சின், சைட்டோகினின் ஆகிய தாவர வளரூக்கிகளின் சமநிலை குலைவதால், உயிரணுக்கள் பெருகிப் பருத்து, வேர் கதாயுதம் போலத் தடிக்கின்றது. நீர் மேலேறுவது தடைப்படுவதால் வெயில் வேளையில் இலைகள் வாடுகின்றன. வீங்கிய வேர் அழுகும்போது கோடிக்கணக்கான வித்திகள் மண்ணில் கலக்கின்றன. இவை பல ஆண்டுகள் உயிர்ப்புடன் இருப்பதால், நோய் கண்ட நிலத்தை முற்றாகத் தூய்மைப்படுத்துவது அரிது.

வளர்ச்சி ஊக்கிகளின் பங்கு

வீக்கத்திற்கு வளரூக்கிகளின் மிகுதியே துணைபோவதால், அவற்றைச் செடிக்கு நேரடியாக அளிப்பதும், கடற்பாசிச் சாறு போன்ற உயிரிய ஊக்கிகளை அளிப்பதும் ஒன்றல்ல. கடற்பாசியிலுள்ள லாமினாரின் போன்ற கூட்டுச்சர்க்கரைகள் தாவரத்தின் தற்காப்பு வினைகளைத் தூண்டக்கூடியவை. ஆத்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இருவகைப் பழுப்புக் கடற்பாசிகளின் சாறு, பச்சைப் பூக்கோசின் வேர்த்தூவிகளில் தொற்றைக் குறைத்தது. எனவே நாற்றின் தொடக்கக் காலப் பாதுகாப்பே முதன்மையானது. எனினும் ஊக்கிகள் மண்ணிலுள்ள வித்திகளை அழிப்பதில்லை. அவை துணை முறைகளே.

பிற கட்டுப்பாட்டு முறைகள்

அமில மண்ணில் இந்நோய் கடுமையாகத் தோன்றும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணை 7.2 அளவிற்கு உயர்த்துவது பழமையான முறையாகும். வடிகால் வசதி, நீண்ட பயிர்ச் சுழற்சி, எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்கள், நோயற்ற நாற்றுகள் ஆகியனவும் பயன்தருவன. கருவிகளில் ஒட்டிய மண்ணே நோயைப் புதிய வயல்களுக்குக் கொண்டு செல்வதால், அவற்றைக் கழுவுதல் இன்றியமையாதது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2003இல் கனோலா வயல்களில் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர் அங்கு விரிந்து பரவியது.